கல்லூரியில் கைப்பந்து ஆடியவர் பயிற்சியாளராவது எப்படி?

கல்லூரி அணிக்காக மூன்று ஆண்டுகள் கைப்பந்து (வாலிபால்) ஆடிய ஒருவருக்கு இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும்போது வீட்டில் எழும் கேள்வி, "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதுதான். ரயில்வே, காவல்துறை, இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவற்றின் அணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் பெறுவோர் மிகச் சிலரே. ஓர் அணிக்குத் தேவைப்படுவது பன்னிரண்டு முதல் பதினான்கு பேர். அதிலும் ஒருவர் ஒதுங்கினால்தான் இன்னொருவருக்கு வழி. மற்றவர்களில் பெரும்பாலோர் ஷூவைப் பரணில் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆட்டத்தை விடவும் மனமில்லை, அதிலேயே சோறும் வேண்டும் என்று நினைப்பவர்களுக்குப் பயிற்சியாளர் பணி ஒரு நல்ல வழி. தமிழ்நாட்டில் அந்த வழி எப்படிப் போகிறது என்பதை, நான் இடறிய இடங்களையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நன்றாக ஆடியவர் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில் அது பாதிகூட உண்மையில்லை. பல ஆண்டுகள் பழகிய உடம்பு ஒரு செயலை எப்படிச் செய்கிறது என்பது அந்த உடம்புக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. ஆகவே வீரராக இருந்தபோது சேர்த்த திறமையை அப்படியே கொண்டுபோய் மாணவரிடம் இறக்கிவைக்க முடியாது; கண்ணையும் வாயையும் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கிறது. பட்டயமும் சான்றிதழும் அதற்கு உதவும் கருவிகள் மட்டுமே.

கல்லூரியை விட்டு வெளியேறும் முன்

முதல் வேலை காகித வேலை. மண்டல அளவிலும் அகில இந்திய அளவிலும் நடக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் நீங்கள் ஆடியிருந்தால், அதற்குரிய படிவம் 3-ஐப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிலிருந்து கையொப்பத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான படிவங்களில் 1 என்பது பன்னாட்டுப் போட்டிக்கும், 2 என்பது மாநில அணிக்காக ஆடிய தேசியப் போட்டிக்கும், 3 என்பது பல்கலைக்கழகப் போட்டிக்கும், 4 என்பது பள்ளிப் போட்டிக்கும் உரியவை. போட்டியில் கொடுத்த வண்ணச் சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும். விண்ணப்பத்தில் கேட்கப்படுவது பெரும்பாலும் படிவம்தான். கல்லூரியை விட்டு நான்கு ஆண்டுகள் கழித்து அதைத் தேடிப் போன நான், எங்கள் ஆண்டின் அணிப் பட்டியல் இருந்த கோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டு மூன்று அலுவலகங்களில் காத்திருந்தேன். உடற்கல்வி இயக்குநர் மாறுவதற்குள், உங்களை நேரில் அறிந்தவர் அந்த நாற்காலியில் இருக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது வேலை, படிக்கும்போதே சொல்லிக்கொடுக்கத் தொடங்குவது. மே மாதத்தில் மாவட்ட விளையாட்டு அரங்குகளிலும் பள்ளிகளிலும் கோடைக்காலப் பயிற்சி முகாம்கள் நடக்கும். உங்கள் பி.டி. சாரிடமோ மாவட்டக் கைப்பந்துக் கழகத்தாரிடமோ கேட்டு, காசு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அங்கே துணைக்கு நில்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு மணி நேரம் சமாளித்துப் பார்த்தால், இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டயப் படிப்புக்கு ஓர் ஆண்டைச் செலவழித்த பிறகு தெரிவதைவிட இது மேல்.

மூன்றாவதாக, ஊரில் நடக்கும் மின்னொளிப் போட்டிகளில் ஸ்கோர் ஷீட் எழுத உட்காருங்கள். நடுவர் தேர்வையும் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. ஆடும்போது சுழற்சியும் ஆட்டக்காரர் மாற்றமும் தாமாக நடப்பவை போலத் தோன்றும். அவற்றைக் கையால் எழுதும்போதுதான் விதி மண்டையில் ஏறும்.

எந்தப் படிப்பு, எதற்காக

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, எந்த நாற்காலியில் உட்கார விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமென்றால் உடற்கல்வியில் இளநிலைப் பட்டமான இரண்டாண்டு பி.பி.எட். வேண்டும். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக வேண்டுமென்றால் முதுநிலைப் பட்டமான எம்.பி.எட். முடித்து, நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்விலோ முனைவர் பட்டத்திலோ தகுதி பெற வேண்டும். இந்தப் பதவிக்குப் பல்கலைக்கழக மானியக் குழு உடல்தகுதித் தேர்வும் வைத்திருக்கிறது: 30 வயது வரையுள்ள ஆண்கள் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓடவோ நடக்கவோ வேண்டும். ஆட்டத்தை விட்ட மறுநாளே தொப்பைக்கு வழிவிடுபவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

இவற்றைச் சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில் படிக்கலாம். சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி 1920-இல் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பட்டது. கைப்பந்தையே 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் உருவாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநர்தான். அந்த வகையில் இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு பி.டி. மாஸ்டரின் கையில்தான் என்று சொல்லலாம்.

குறிப்பிட்ட விளையாட்டின் பயிற்சியாளர் என்று பெயர் வாங்க வேண்டுமென்றால் என்.ஐ.எஸ். பட்டயம்தான் இன்றும் மதிப்புள்ள தகுதி. என்.ஐ.எஸ். என்பது பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட தேசிய விளையாட்டு நிறுவனம்; அது பழைய மோதிபாக் அரண்மனை வளாகத்தில் இயங்குகிறது. ஓராண்டுப் பட்டயத்தில் உடலியங்கியல், உயிரியக்கவியல், உளவியல், பயிற்சிக் கோட்பாடு ஆகியவற்றோடு உங்கள் ஆட்டத்தின் நுட்பங்களும் சொல்லித்தரப்படும். நீங்களே பாடம் நடத்திக் காட்ட வேண்டியும் இருக்கும். பட்டப்படிப்பையும் நீங்கள் எந்த அளவிலான போட்டி வரை ஆடியிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்தே இடம் கிடைக்கும் என்பதால், மேலே சொன்ன படிவங்கள் இங்கேயும் வேண்டும். எந்த விளையாட்டு எந்த மையத்தில் நடக்கிறது, வயது வரம்பு என்ன என்பவற்றை அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் படித்துக்கொள்ளுங்கள். சீனியர் சொன்னதை நம்பிக் கடைசித் தேதியைத் தவறவிட்டவர்களை அறிவேன். ஓராண்டு ஒதுக்க முடியாதவர்களுக்கு ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அது அறிமுகத்துக்குப் போதும், பட்டயத்துக்கு ஈடாகாது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு சொல். வகுப்பு ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடக்கும். முதல் மாதம் காது அடைத்தது போல இருக்கும், டிசம்பர்க் குளிரும் மூன்று வேளைச் சப்பாத்தியும் அதோடு சேர்ந்துகொள்ளும். தசைகளின் பெயர்களையும் பயிற்சிக் கோட்பாட்டின் அடிப்படைச் சொற்களையும் ஊரிலேயே ஒரு நோட்டில் எழுதிப் படித்துவிட்டுப் போனால் பாதிச் சிரமம் குறையும்.

பன்னாட்டுக் கைப்பந்துக் கூட்டமைப்பான எஃப்.ஐ.வி.பி. நடத்தும் பயிற்சியாளர் படிப்புகளும் நிலை 1, நிலை 2, நிலை 3 என்று படிப்படியாக உள்ளன. நாள் கணக்கில் முடிந்துவிடும் இவற்றில் முதல் நிலையைச் சில ஆண்டுகள் களத்தில் சொல்லிக்கொடுத்த பிறகு படித்தால்தான் கேள்வி கேட்கத் தோன்றும். கையில் கேள்வி இல்லாமல் போனால் சான்றிதழும் குழுப் புகைப்படமும் மட்டுமே மிஞ்சும்.

சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொள்வது

இனி வருவதுதான் உண்மையான வேலை. சேர்த்துப் பிடித்த முன்கைகளில் பந்தை வாங்கி மேலே அனுப்பும் அண்டர் ஹேண்ட் பாஸை எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த பன்னிரண்டு வயதுப் பையனிடம் நான் முதல் நாள் சொன்னது இது: "முட்டியை மடக்கு, கையைச் சேர்த்துப் பிடி, கட்டை விரலை இணையாக வை, முழங்கையை மடக்காதே, பந்தைப் பார், தோளைத் திருப்பு." ஆறும் சரியானவைதான். அவன் ஆறையும் கேட்டுவிட்டு மரம் போல நின்றான். பந்து அவன் கட்டை விரலில் பட்டுப் பக்கத்துச் சுவருக்குப் போனது. ஒரு நேரத்தில் ஒரு குறிப்பு என்பதை அதற்குப் பிறகுதான் விதியாக வைத்துக்கொண்டேன். இப்போது முதல் வாரம் முழுக்கக் கையைப் பற்றிப் பேசவே மாட்டேன். பந்தை உருட்டிவிட்டு, அது கால்களுக்கு நடுவே புகுந்து போகும்படி ஓடி வந்து நிற்கச் சொல்வேன். கால் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் கை பாதி தானாக அமைந்துவிடுகிறது. பாஸ் கெடுவது பெரும்பாலும் கையால் அல்ல, தாமதமாக நகர்ந்த காலால்தான்.

எழும்பிப் பந்தை எதிர்ப்பக்கம் ஓங்கி அடிக்கும் ஸ்பைக்குக்கு ஓடிவரும் காலடிகளும் அப்படித்தான். வலக்கையால் அடிப்பவருக்கு மூன்று காலடி ஓட்டம் இடது, வலது, இடது என்று முடிய வேண்டும். ஒரு முறை தப்பாகப் பழகிவிட்டால் அதை மாற்ற ஒரு வருடம் ஆகும். வாயால் சொல்வதை விட்டுவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் தரையில் மூன்று பாதங்களை வரைந்துவிடுங்கள். முதல் தடத்தைச் சிறியதாகவும், இரண்டாவதை நன்றாகத் தள்ளியும், மூன்றாவதை அதன் அருகிலேயே வலைக்குச் சற்றுக் குறுக்காகவும் வரைய வேண்டும். பந்தே இல்லாமல் அதன்மேல் இருபது முறை ஓடி எழும்பிய பிறகு பந்தைக் கொடுக்கலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. பதினான்கு பிள்ளைகள், ஐந்து பந்துகள், ஒரு வலை, ஒன்றரை மணி நேரம் என்பதுதான் நம் ஊர்களில் வழக்கமாக வாய்ப்பது. நாம் பழகிய முறையில், பயிற்சியாளர் நடுவில் நின்று பந்தை எறிய, பிள்ளைகள் வரிசையில் ஒவ்வொருவராக எடுப்பார்கள். ஆறு நொடிக்கு ஒரு பந்து என்று வைத்தாலும் அரை மணி நேரத்தில் 300 பந்துகள். ஒரு பிள்ளைக்கு 21. மீதி நேரம் முழுதும் வரிசையில் நின்று கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அதே பதினான்கு பேரை மூவர் மூவராக நான்கு குழுக்களாகவும் மீதி இருவரை ஒரு ஜோடியாகவும் பிரித்து, குழுவுக்கு ஒரு பந்து கொடுத்தால், நான்கு நொடிக்கு ஒரு தொடுதல் என்ற கணக்கில் ஒவ்வொருவருக்கும் அரை மணியில் ஏறத்தாழ 150 தொடுதல்கள் கிடைக்கும். பந்து அடிக்கடி விழுந்து பாதியாகக் குறைந்தாலும் வரிசை முறையைவிட மூன்று மடங்குக்கு மேல். வலை ஒன்றுதானே என்றால், மைதானத்தின் நீளத்துக்கு ஒரு நைலான் கயிற்றைக் கட்டுங்கள். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர் என்ற உயரமெல்லாம் பெரியவர்களுக்கு. சிறுவர்களுக்கு இரண்டு மீட்டருக்குள் கயிறு இருந்தால், இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று நான்கைந்து சிறு ஆடுகளங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடலாம்.

ஸ்பைக் அடிக்கும் அட்டாக்கராக இருந்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக ஆடியவருக்கு ஆடுகளம் முழுவதையும் பார்க்கும் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அட்டாக்கரின் கண் பந்தையும் வலையருகே எழும்பித் தடுக்கும் எதிரணியின் பிளாக்கையும் விட்டு அகலாது. அந்தக் கண்ணோடு பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்தால் நீங்கள் பார்வையாளர்தான். பந்தைப் பார்ப்பதை நிறுத்தி, பந்து இல்லாத ஐந்து பேரைப் பார்க்கப் பழக வேண்டும். இதற்கு எனக்கு உதவியது ஒரு நோட்டும் பேனாவும். எதிரணியின் ஒவ்வொரு சர்வீஸையும் நம் பிள்ளைகள் எப்படி வாங்குகிறார்கள் என்பதற்கு மதிப்பெண் போடுங்கள்: செட்டருக்கு எல்லா வாய்ப்புகளையும் தரும் பாஸுக்கு 3, இரண்டு வாய்ப்பு தந்தால் 2, உயரமாகத் தூக்குவதைத் தவிர வழியில்லை என்றால் 1, பந்து கெட்டுப்போனால் 0. பன்னிரண்டு சர்வீஸ் வாங்கி 20 மதிப்பெண் எடுத்தவரின் சராசரி 1.67. "அவன் நல்லாத்தான் எடுக்கிறான்" என்ற எண்ணத்தோடு இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தபோது, என் அணியில் யாரை லிபரோவாக (பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே இருப்பவராக) வைக்க வேண்டும் என்பதே மாறிப்போனது.

இன்னொன்று, உங்கள் சொந்தத் தோள். மேசைமேல் ஏறி நின்று தினமும் நூற்றுக்கணக்கான பந்துகளை அடித்துக் கொடுப்பது வீரராக இருந்த பெருமைக்கு இதமாக இருக்கும். சில ஆண்டுகளில் கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல் போகும். பிள்ளைகளை விட்டே சர்வீஸ் போடச் சொன்னால் அவர்களுக்கு அது பயிற்சியாகவும் ஆகும்.

போட்டி நாளில்

பயிற்சியாளராக என் முதல் மாவட்டப் போட்டியில் செய்த தவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொரு செட்டுக்கும் முன் ஆறு பேரின் எண்களையும் இடங்களையும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் அணியில் சர்வீஸில் மிரட்டக்கூடிய ஒரு பையன் இருந்தான். முதலில் அவனே போடட்டும் என்று, சர்வீஸ் போடுபவருக்குரிய 1-ஆம் இடத்தில் எழுதினேன். ஆனால் டாஸில் எதிரணிக்குத்தான் முதல் சர்வீஸ் போயிருந்தது. சர்வீஸை வாங்கும் அணி அதை வென்றதும் ஓர் இடம் சுழலும்; ஆகவே 2-ஆம் இடத்தில் இருப்பவர்தான் முதலில் சர்வீஸ் போடுவார், 1-ஆம் இடத்தில் இருப்பவர் ஆறாவதாகத்தான் வருவார். எட்டு ஆண்டுகள் ஆடியிருந்தும் இதை நான் யோசித்ததே இல்லை, ஏனென்றால் வேறொருவர் எனக்காக யோசித்துக்கொண்டிருந்தார். சீட்டைக் கொடுத்த பிறகு, முறையான ஆள்மாற்றம் செய்யாமல் அதை மாற்ற முடியாது. அந்தப் பையன் பந்தைக் கையில் எடுக்கும்போது நாங்கள் ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தோம். இப்போது டாஸ் முடிவு தெரியாமல் சீட்டில் பேனா வைப்பதில்லை.

டைம் அவுட்டும் அப்படித்தான். ஒரு செட்டுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 30 நொடி. பிள்ளைகள் நடந்து வந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்கவே பாதி போய்விடும். மீதியில் ஒரே ஒரு செய்தி சொல்லுங்கள், அதுவும் செய்ய வேண்டியதாக இருக்கட்டும். "இடது மூலைக்கு சர்வீஸ் போடு" என்பது செய்தி. "ஏன்டா இப்படி ஆடுறீங்க" என்பது வயிற்றெரிச்சல்.

காயமும் பாதுகாப்பும்

கைப்பந்தில் வலைக்கு அருகே எதிராளியின் பாதத்தின்மேல் இறங்கிக் கணுக்கால் பிசகுவதும், ஓயாமல் எழும்புவதால் முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வருவதும் அடிக்கடி நடப்பவை. எழும்பக் கற்றுக்கொடுக்கும் முன் இரு கால்களிலும் முட்டியை மடக்கி இறங்கக் கற்றுக்கொடுங்கள். சிமெண்டுத் தரைதான் இருக்கிறது என்றால் எழும்பும் எண்ணிக்கையைக் குறையுங்கள். மண் தரைக்குச் செய்யும் பயிற்சியை அங்கே அப்படியே செய்யக்கூடாது.

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கும் ஆண்கள், வெளியூர்ப் பயணத்தில் பெண் பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் கிளம்பவே கூடாது. பெற்றோரின் எழுத்துச் சம்மதம், யார் எந்த அறையில் தங்குகிறார்கள் என்ற பட்டியல், தனியறையில் தனிப்பேச்சு இல்லை என்ற கட்டுப்பாடு ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்குங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படித்திருக்க வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டிப் பிள்ளையை ஆடவைக்கச் சொல்லி யாராவது வந்தால், அது பள்ளி நிர்வாகமாகவே இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஒரு கோப்பைக்காகச் செய்த அந்தப் பொய், பிற்காலத்தில் அந்தப் பிள்ளையின் சான்றிதழையே செல்லாததாக்கிவிடும்.

வருமானமும் காலமும்

முதல் சில ஆண்டுகளில் பயிற்சியால் மட்டும் குடும்பம் நடத்துவது கடினம் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் வேலை, காலையிலும் மாலையிலும் அகாடமி அல்லது ஊர்க் கிளப் என்று சேர்த்துத்தான் பெரும்பாலோர் ஓட்டுகிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள், மத்திய அரசின் கேலோ இந்தியா திட்ட மையங்கள், நல்ல அணி வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் பயிற்சியாளர் இடங்கள் வரும்போது, பட்டயம் வைத்திருப்பவரின் பெயர்தான் முதலில் பார்க்கப்படும். 2022-இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் பயிற்சியாளர்களுக்கும் புதிய வாசலைத் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்கு அருகே போகவே நெடுங்காலம் உழைக்க வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஜி.இ. ஸ்ரீதரன் வீரராக அர்ஜுனா விருது பெற்றது 1982-இல், பயிற்சியாளராகத் துரோணாச்சாரியா விருது பெற்றது 2007-இல். இடையில் 25 ஆண்டுகள்.

ஆகவே தொடக்கத்தில் ஒரே ஒரு பள்ளியையோ ஊரையோ பிடித்துக்கொண்டு, ஆறாம் வகுப்பில் வரும் பிள்ளைகளைப் பத்தாம் வகுப்பு வரை நீங்களே வளர்த்துப் பாருங்கள். வேறொருவர் வளர்த்த உயரமான பையன்களைச் சேர்த்துக் கோப்பை வாங்கினால் பெயர் கிடைக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்தது சரியா என்பது தெரியவராது. முதல் நாள் மைதானத்துக்குப் போகும்போது பையில் நோட்டு, விசில், நைலான் கயிறு, சுண்ணாம்புப் பொடி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் ஆகியவை இருக்கட்டும். பம்புக்கு ஊசி மட்டும் மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே ஒன்றை யாராவது உடைத்துவிடுவார்கள்.